இருபத்து நான்காம் பொத்தான்

போன சனிக்கிழமை உன் வீட்டுக்காரி மாரி உன் பேசும் பெட்டியை அனுப்பியிருந்தாள். அவள் தம்பி அதை ஒரு துண்டில் சுற்றி மதுரைக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "சார்ஜ் நிக்க மாட்டேங்குதாம், அக்கா பாக்கச் சொல்லுச்சு" என்று சொல்லிப் போனான். துண்டைப் பிரித்ததும் டெட்டால் வாசனை அடித்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது, அந்த வாசனை இன்னும் போகவில்லை. உன் மகள் தினமும் அழுத்துகிறாளாம். 'சாப்ட்டியா' என்று நீ கேட்கும் ஏழாம் பொத்தானில் ஒட்டியிருந்த தாள் தேய்ந்து, எழுத்தே இல்லை.

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன மறுநாள் நீ என் வீட்டுக்கு வந்தாய். எனக்கோ உன் முகத்தைப் பார்க்கவே பயம். நீ சிரித்துக்கொண்டு, "இருவது வருசம் தறிச் சத்தத்துல கத்துன தொண்டைலே. ரிட்டயர் ஆகட்டும்" என்றாய். அருப்புக்கோட்டையில் விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியுமா என்ன? ஆபரேஷனுக்குப் பிறகு உனக்குத் தேவைப்படும் வார்த்தைகளை எல்லாம் உன் குரலிலேயே பதிந்துவைப்போம், பொத்தானை அழுத்தினால் பெட்டி பேசும் என்று நான்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே. மைக் முன்னால் உட்கார்ந்து 'தண்ணி குடு' என்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏலே, குடிக்கத்தான கேக்குற, வயலுக்கா?" என்றேன். அதற்காகவே 'போடா வெண்ணெ' என்று ஒரு பொத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாய். அதுதான் இருபதாவது.

இருபத்து நான்காவதைப் பதியும்போது மட்டும் என்னை வெளியே போகச் சொன்னாய். திரும்பி வந்ததும், "இத நீ கேக்கக் கூடாது. நான் அமுக்குற அன்னிக்குக் கேட்டாப் போதும். சத்தியம் பண்ணு" என்றாய். மாரிக்கு ஏதோ ஆசையாகச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று நினைத்துச் சத்தியம் செய்தேன்.

என் வேலையைப் பற்றிக் கேட்டால் உனக்குக் கொட்டாவி வரும். இன்று கேட்டே ஆக வேண்டும். உன் இருபத்து நான்கு பேச்சையும் சுருக்கி, ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருந்தேன். சுருக்கிய ஒலியை விரித்துத் தரும் நிரல் ஒன்று உண்டு. தனிக் கோப்பு என்றால் அதுவே திறந்துகொள்ளும். என் அடுக்கின் நடுவிலிருந்து எடுக்க அதற்குத் தெரியாது. அதனால் நான்கு சின்ன வேலைகளைச் சி என்னும் கணினி மொழியில் நானே எழுதிக் கொடுக்க வேண்டும்: கேட்ட அளவு படித்துத் தருவது, சொன்ன இடத்துக்கு நகர்வது, நிற்கும் இடத்தைச் சொல்வது, கடைசியில் மூடுவது. அது கேட்கக் கேட்க என் நிரல் எடுத்துக் கொடுக்கும். நான் எங்கே 'முடிந்தது' என்கிறேனோ அங்கே அதுவும் முடித்துக்கொள்ளும். நான் சொல்வதுதான் அதற்கு வேதம்.

முதல் தடவை முடிவையே நான் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்த வார்டில் நீ தண்ணீர் கேட்டு அழுத்தினாய். பெட்டி தண்ணி கேட்டு, வலிக்குது என்று சொல்லி, சாப்ட்டியா என்று விசாரித்து, ஃபேனைப் போடச் சொல்லி, நிற்காமல் போய் நர்ஸம்மாவைப் பார்த்து 'போடா வெண்ணெ' என்றது. வார்டே சிரித்தது. நீ மட்டும் பதறிப்போய் சுவிட்சை அணைத்தாய். வெட்கம் என்று நினைத்தேன்.

அங்கேயே கேன்டீனில் உட்கார்ந்து சரிசெய்தேன். அவசரம். அடுத்த பேச்சுத் துண்டு எங்கே தொடங்குகிறதோ அதுவே இந்தத் துண்டின் முடிவு என்று எழுதினேன். ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை அழுத்திப் பார்த்தேன், எல்லாம் அளவாகப் பேசின. இருபத்து நான்கை அழுத்தவில்லை. சத்தியம் செய்திருந்தேனே.

கடைசி ஆஸ்பத்திரி நாள் உனக்கு நினைவிருக்குமா? எனக்கு அதைத் தவிர வேறெதுவும் நினைவில்லை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பேனா பிடிக்கக் கையில் தெம்பில்லை. வென்டிலேட்டரில் போட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர் மாரியிடம் தாளை நீட்டினார். நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருபத்து நான்கை அழுத்தினாய். சத்தம் இல்லை. திரும்ப அழுத்தினாய். விரல் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "சார்ஜ் எறங்கிருச்சு போலலே, இரு" என்று உன் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, வராந்தாவில் சார்ஜ் போடக் கொண்டுபோனேன். போகிற போக்கில் மாரியிடம், "போடு தங்கச்சி, யோசிக்காத" என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள். நாலு நாள் கழித்து, கண்ணே திறக்காமல் போய்விட்டாய்.

போன சனிக்கிழமை பெட்டி வந்ததும் பேட்டரியை மாற்றப் பத்து நிமிடம்தான் ஆனது. எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். கடைசியது பேசவில்லை. பிறகுதான் நிரலைத் திறந்தேன். கடைசித் துண்டுக்கு அடுத்த துண்டு கிடையாது. துண்டுகள் தொடங்கும் இடங்களின் பட்டியலில் அங்கே பூஜ்யம் இருந்தது. என் நிரல் அதையே முடிவு என்று எடுத்துக்கொண்டு, படிக்கச் சொல்லிக் கேட்டவுடனேயே 'முடிந்தது' என்று சொல்லியிருக்கிறது. கோப்பில் உன் குரல் முழுசாக இருந்தது. ஒரு வரி சேர்த்தேன். நீ இருமினாய். பிறகு உன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மெதுவாகப் பேசினாய்.

"ஏலே, எனக்கு மூச்சு முட்டுனா மெசின்ல போடாதீக. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. மாரி அழுவா, நீ அவ கூட நில்லு. போதும்லே."

எழுந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். நிஜமாகவே முட்டிக்கொண்டேன். மறுநாள் விடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு, காரியாபட்டி வழியாகத் திருச்சுழியில் உன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மாரியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். காறித் துப்பினாலும் சரி, வாங்கிக்கொள்ள வேண்டும் என்று போனேன்.

அவள் துப்பவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

"கடைசியா ஆசுபத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம், இதையேதான் இருபத்து நாலுல பேசி வச்சிருக்கேன்னு தாள்ல எழுதிக் குடுத்தாக. நான் அடுப்புல போட்டுட்டேன். அன்னைக்கு அவுக அந்தப் பொத்தான அமுக்கயில, அது என்ன சொல்லப் போகுதுன்னு எனக்குத் தெரியும். சத்தம் வரல. சாமியே தடுத்துருச்சுன்னு நெனச்சேன். நாலு நாளு மூஞ்சியவாச்சும் பாத்துக்கிட்டு இருந்தேன்லண்ணே."

அவளை என்ன சொல்ல? பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே, "புள்ள எல்லாப் பொத்தானையும் அமுக்குது. இத அது கேக்க வேணாம். அவுகளுக்கு நாம என்ன பண்ணுனோம்னு ஒருநா கேட்டுப்புடும்" என்றாள்.

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, முந்தின நாள் சேர்த்த அந்த ஒரு வரியை நானே அழித்தேன். பெட்டியின் மெமரி கார்டில் பழைய தப்பையே திரும்ப ஏற்றினேன். அன்றைக்குத் தெரியாமல் செய்தேன் என்று இனிமேல் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

விளையாடிவிட்டு வந்த உன் மகள் புது பேட்டரியைச் சோதிக்க வரிசையாக அழுத்தினாள். வீடு முழுக்க நீ கத்தினாய். கடைசிப் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்துவிட்டு, "இது மட்டும் ஏன் மாமா பேச மாட்டேங்குது?" என்றாள்.

"அதுல ஒண்ணும் இல்லம்மா" என்றேன். மாரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சரியான நிரல் என் லேப்டாப்பில் இருக்கிறது. உன் குரல் அதில் முழுசாகக் கேட்கும். இன்னொரு தடவை கேட்கத்தான் என்னால் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. மாரி கூட நிற்கச் சொன்னாயே, நின்றிருக்கிறேன். இப்படித்தான் நிற்க முடிந்தது.