பை காலியாக இருந்த காலை

கத்திரிக்கோலைத் தேடப் போய் உங்கள் பிளாஸ்திரிச் சுருள் கையில் வந்தது. அதே மருந்து வாசனை. அப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்று தடவை அடுப்பைப் பற்ற வைத்து அணைத்துவிட்டேன். இதை எழுதாமல் இன்றைக்கு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது.

குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் கட்டியதும், அதை வடிக்க வலது இடுப்பருகே குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது என்னை என்ன பாடு படுத்தினீர்கள்! குழாயின் முனையில் தொங்கிய பையை 'என் ஆபீஸ் பை' என்று தூக்கிக்கொண்டு லேக் கார்டன்ஸில் நம் வீடு முழுக்க நடப்பீர்கள். தினமும் உப்புநீர் செலுத்திக் குழாயை அலசுவது என் வேலை. "மெதுவா, மெதுவா! தோசைக்கல்லா கழுவறே?" என்று கத்துவீர்கள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

துர்கா பூஜைப் பந்தலில் அஷ்டமியன்று பூப்போட்டுக் கும்பிடும் அஞ்சலிக்கு வேட்டியில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். உடம்பு இளைத்துப்போய் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

"லூஸாவே விடு, மீனா."

"அத்தனை பேர் முன்னாடி அவுந்து விழுந்தா மானம் போயிடும். சும்மா நில்லுங்க."

இறுக்கிச் செருகினேன். அடியில் குழாய் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பை காலி. சீழ் வற்றிவிட்டதென்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு பௌதியை, அந்த வங்காளி அண்ணியை, கூப்பிட்டுக் காட்டினேன். அவள் "மா துர்கா!" என்று கும்பிட்டாள். நீங்கள் மட்டும், "உள்ள என்னமோ கனக்குது" என்றீர்கள். "நல்ல நாளும் அதுவுமா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றேன். வற்றின பிறகு எதற்கு என்று குழாயை அலசவும் இல்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம் உங்களுக்கு வந்த குளிரில் கட்டிலே ஆடியது.

குழாயின் நுனி சீழ்க்கட்டியை விட்டு நழுவிவிட்டது, வடிய வழியில்லாத சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தானாகவும் நழுவுமாம், இழுபட்டும் நழுவுமாம். இறுக்கமாக ஏதாவது கட்டினீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஆமி நிஜேயி பொரேச்சி."

நானேதான் கட்டிக்கொண்டேன் என்று, அந்தக் காய்ச்சலிலும் திருத்தமான வங்காளியில்! டாக்டர் உங்களைக் கடிந்துகொண்டார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றீர்கள்.

போனேன். குடித்தேன். அதற்குப் பிறகும் நாலு நாள் உயிரோடு இருந்தீர்கள். "இல்லை டாக்டர், நான்தான் கட்டிவிட்டேன்" என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சொல்லவில்லை. உங்களிடம்கூட, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

நம் மகன் ஞாயிறுதோறும் பேசுகிறான். போன வாரமும் பேச்சு அங்கேதான் வந்து நின்றது. "அப்பா மட்டும் பிடிவாதம் பிடிச்சு அந்த வேட்டியைக் கட்டாம இருந்திருந்தா..." என்றான்.

"ஆமாப்பா," என்றேன்.