கருங்கோட்டுக்கு எட்டாத ஒளி

வளம் குன்றா நீலவரை நாட்டின் பதினெட்டுக் கணவாய்களுக்கும் உரிமை பூண்ட பேரரசி இளவெயினியார், தலைநகர் ஒளிக்கோபுரங்களின் நாயகராகிய பொறையன் சாத்தனாருக்கு விடுத்த ஓலை. உமக்கும் உம் மனையோர்க்கும் நலம் உண்டாகுக. இதற்கு மேல் வாழ்த்த அரசிக்கு நா எழவில்லை.

கயிறும் கம்பியும் இன்றிக் கண்ணாடியொளியால் ஊருக்கு ஊர் செய்தி கடத்தும் கோபுரங்களில் ஐந்தாம் தலைமுறை நிறைவுற்றது என்றும், ஆறாம் தலைமுறைக்கு ஆணை வேண்டும் என்றும் நீர் அவையில் விண்ணப்பித்தீர். இனி இமைப்பொழுதில் ஆயிரம் செய்தி பாயும், பேசுகிறவரின் உருவமே எதிரில் வந்து நிற்கும், ஏரும் மாடும்கூடத் தமக்குள் சேதி பரிமாறிக்கொள்ளும் என்றீர். ஒளி எட்டாத ஊரே இல்லையென்று, நாடு முழுவதும் மஞ்சள் பூசிய படத்தை விரித்தீர். சென்ற ஆண்டு அதே படத்தை நம்பித்தான் மலையூர்களின் அவசர முரசுகளை இறக்க அரசி முத்திரையிட்டார்.

இம்முறை முத்திரையிடும் முன் அரசி அந்தப் படத்தோடு மலையூராகிய கருங்கோட்டுக்கு ஏறிப் போனார். அங்கிருந்து பார்த்தால் ஒரு கோபுரமும் கண்ணில் படவில்லை. அரண்மனை மாடத்திலிருந்து அழகாகத் தெரியவேண்டும் என்பதற்காக, உம் புதுக் கோபுரத்தைப் பூந்தோட்டப் பள்ளத்தில் நிறுத்தியிருக்கிறீர்.

தேனெடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்த கணவனுக்கு மருத்துவரை அழைக்க, அவ்வூர்க் கொற்றி என்பவள் காலை முதல் பொழுது சாயும்வரை, முரசுக்குப் பதிலாக நீர் வழங்கிய கண்ணாடியை ஆட்டியிருக்கிறாள். ஒருவரும் காணவில்லை. முரசு இருந்திருந்தால் கீழூர் மருத்துவர் உச்சிப்பொழுதுக்குள் வந்திருப்பார். அவன் இறந்துபோனான். அவள் தம் முகம் பார்த்துக் கேட்டதை மாற்றாமல் எழுதும்படி அரசி சொன்னார்: “எங்க ஊருக்கும் மஞ்சப் பூசிட்டாகளாமே, தாயி. பூசுனவரு ஒருதரமாச்சும் மேல வந்து பாத்தாரா?”

உம் படத்தைப் பார்க்க அரசிக்குக் குமட்டுகிறது. அதன் கீழே கிடக்கும் தம் முத்திரையைப் பார்க்க இன்னும் குமட்டுகிறது.

ஆகவே ஆணை. இறக்கிய முரசுகள் எட்டு நாளில் மேலேற வேண்டும். நீர் குடும்பத்தோடு கருங்கோட்டில் வந்து குடியிருந்து, அதே கண்ணாடியை ஆட்டித் தலைநகரை அழைக்க வேண்டும். பதில் வரும் நாளில் ஆறாம் தலைமுறையைப் பற்றிப் பேசலாம். அதற்குரிய முத்திரை மோதிரம் இப்போது அரசியின் விரலில் இல்லை, கொற்றியிடம் இருக்கிறது. அவளைக் கேளும்.

கருங்கோட்டில் எழுதி, கொற்றியின் கையால் முத்திரையிட்ட ஓலை. ஒளிவழி அனுப்ப வகையில்லாததால், இரண்டு நாள் நடந்து வந்து ஆள் இதை உம் கையில் தருவான்.