தூறலின் அம்மா சாகவில்லை

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு, மாடியில் இருக்கிற டாக்டரிடம் முட்டியைக் காட்டாதவள் நீ ஒருத்திதான். போனில் பேசினால் நான் 'ம்' மட்டும்தான் போடுகிறேன் என்று சண்டை பிடித்தாய் அல்லவா, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்.

பாட்டு வெளியாகிவிட்டது. லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். தூறல் என்று ஒரு பாடகி. பத்தொன்பது வயது, கலைந்த முடி, கன்னத்தில் ஒரு மச்சம். அப்படி ஒருத்தி கிடையாது. எங்கள் கம்பெனி செய்த ஆள் அவள். முகத்தைக் கணினியில் உருவாக்கியவன் என் பக்கத்து நாற்காலிக்காரன். மச்சத்தை எந்தக் கன்னத்தில் வைப்பது என்று ஒரு மதியம் முழுக்க அடித்துக்கொண்டோம். அவளுடைய இணையப் பக்கத்தை நடத்துவது நான். அவள் வளர்க்கும் பூனை, அவளுக்குப் பிடித்த நிறம், அவள் பயப்படும் இடி, எல்லாம் என் கைவரிசை. "சாப்பிட்டியா தூறல்?" என்று ரசிகர்கள் கேட்பார்கள். "ஓ, சாப்பிட்டேனே" என்று பதில் போடுவேன். அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் பட்டினியாக இருப்பேன்.

குரல் உன்னுடையது, அம்மா. போன தடவை வந்தபோது சமையலறையில் உன்னைப் பாடவைத்துப் பதிந்தேனே, போர்வை மடிக்கிற பாட்டு, அதேதான். பாட வருகிற பெண்ணுக்கு மெட்டு காட்டத்தான் எடுத்துப்போனேன். கேட்டதும் மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். "வேற யாரும் வேணாம். இதையே வெச்சுக்கலாம். வயச மட்டும் கொறைங்க" என்றார். உன் குரலில் இருந்து முப்பது வயதைச் சலித்து எடுத்துவிட்டார்கள்.

இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே. தூறல் நிஜமான பெண் என்றுதான் உலகம் நம்ப வேண்டும் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு எழுது. கொஞ்சமாவது பெருமைப்படு.

உன் மகள்


பிப்ரவரி 16

என் குட்டிப் பிசாசுக்கு,

அம்மாவின் முத்தம். கடிதம் கிடைத்தது. யாரிடமும் சொல்லாதே என்ற வரிக்கு வருவதற்குள் நெட்டை என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். அவள் உயரத்துக்கு நான் என்ன செய்வது?

சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் அண்ணனின் போனில் எல்லோருமாகப் பார்த்தோம். குரலை அடையாளம் தெரியாது என்று நீ நினைத்திருப்பாய். முதல் வரியிலேயே நெட்டையின் கை தானாக எழுந்தது. பத்து வருடமாக அந்த வரிக்கு அவள் போர்வையின் அந்த முனை, நான் இந்த முனை. மெஷின் சத்தத்தில் ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்குக் கேட்காது. கால் ஒன்றாக வைக்கத்தான் அந்தப் பாட்டையே கட்டினோம்.

விரி விரி என் பக்கம் விரி
விட்டுவிடாதே உன் பக்கம் பிடி
படுத்தவர் யாரோ எழுந்தவர் யாரோ
பாதியில் மடி அதைப் பாதியில் மடி

மூன்றாவது வரி எதற்கு என்று உனக்குத் தெரியும். எழுந்து வீட்டுக்குப் போனவரின் போர்வையும், எழுந்திருக்காமலே போனவரின் போர்வையும் ஒரே மூட்டையில்தான் எங்களிடம் வரும். அதை நீங்கள் "பார்த்தவன் யாரோ பறித்தவன் யாரோ" என்று மாற்றிவிட்டீர்கள். அந்தப் பெண் கடற்கரையில் கட்டிலைப் போட்டு, வெள்ளை விரிப்பில் புரண்டு புரண்டு பாடுகிறாள். கஞ்சி அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இவ மணலோட பொரண்டுட்டுப் போயிடுவா. அந்த ஷீட்ட எவடி தொவைப்பா?"

அதுகூடப் போகட்டும். கீழே தூறலைப் பற்றி எழுதியிருந்ததை நெட்டை சத்தமாகப் படித்தாள். "தூறலின் தாய் ஓர் இசை ஆசிரியை. தூறலுக்கு ஒன்பது வயதானபோது காலமானார். தாய் விட்டுச்சென்ற ஒரே சொத்து இந்தப் பாட்டு."

பாய்லர் அண்ணன் எழுந்து நின்று கைகூப்பினார். "அம்மா ஆத்மா சாந்தி அடையட்டும். அதுக்கு முன்னாடி அந்த மூட்டைய மட்டும் இந்தப் பக்கம் தள்ளிட்டுச் சாந்தி அடையட்டும்." விழுந்து விழுந்து சிரித்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை உயிரோடு எழுது. இசை ஆசிரியை வேண்டாம். ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவள் என்று எழுது. வேறு எதுவும் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


பிப்ரவரி 24

அம்மாவுக்கு,

உன்னை நான் கொல்லவில்லை. கூட்டம் போட்டுக் கொன்றார்கள்.

பாட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை வேண்டும் என்றார்கள். "எங்கம்மா..." என்று நான் ஆரம்பித்தேன். அவ்வளவுதான் என்னைப் பேசவிட்டது. "அம்மாவா? சூப்பர். டீச்சர்னு வெச்சுக்கலாம்" என்றார் மேனேஜர். எழுதித் தருகிற பெண் ஒருத்தி, "செத்துட்டாங்கன்னா இன்னும் நல்லா நிக்கும்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலையும் அங்கேதான் இருந்தது.

துணி துவைக்கிறவர் என்று போட்டால் என்ன என்று பிறகு தனியாகப் போய்க் கேட்டேன். கேட்காமல் இல்லை. "ஆஸ்பத்திரித் துணியா? ஜனங்க பாட்டக் கேட்டுட்டுக் கைகழுவப் போயிடுவாங்கம்மா" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் வாங்குகிறவர். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

நீ அங்கே பத்துப் பேரோடு சிரிக்கிறாய். இங்கே நான் ஒருத்திதான். உன் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் வேலை என்பேன். "ஓ, நர்ஸா?" என்பார்கள். அதற்கு மேல் நான் வாய் திறப்பதில்லை. திற என்று நீ சொல்வாய். இந்த நாற்காலிக்கு வர நான் எத்தனை கதவில் நின்றேன் என்று உனக்குத் தெரியும். தயவுசெய்து இதைக் கிளறாதே. அடுத்த பாட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

உன் மகள்


மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அடுத்த பாட்டு வரை செத்தவளாக இருக்க எனக்குப் பொறுமை இல்லை. நாங்களே ஒன்று எடுத்துவிட்டோம்.

கேமரா, பாய்லர் அண்ணனின் போன். அதை அழுக்குத்துணி வண்டியின் கைப்பிடியில் துணிப்பட்டையால் கட்டி அவர் தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு சக்கரம் இழுக்கும், அதனால் படம் இடதுபக்கமாகவே போகும். நாங்களும் நகர்ந்து நகர்ந்து நின்றோம். ஆவி வந்து கண்ணாடியை மூடும்போது கஞ்சி அக்கா ஓடிப்போய்ப் புடவைத் தலைப்பால் துடைப்பாள். அவள் துடைக்கிறதும் படத்தில் இருக்கிறது. வெட்டவில்லை. "மச்சம் எனக்கு நெசமாவே இருக்கு, என்ன முன்னாடி நிக்க வைங்கடி" என்று வேறு தகராறு.

மேற்பார்வையாளர் வந்துவிட்டார். "யாரக் கேட்டு எடுக்கறீங்க?"

"எங்களத்தான் சார் கேட்டோம். சரின்னுட்டோம்" என்றாள் நெட்டை. ஓரமாக நின்று கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் போனார்.

வரிகளெல்லாம் பழையபடியே. படுத்தவர், எழுந்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். பக்கத்துக்கு 'மடிப்புக்காரிகள்' என்று பெயர். உங்கள் மாதிரி அதைப் பிராண்டு என்று சொல்லிக்கொள்கிறோம். தூறல் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை. உன் பெயரையும்தான். மேல்மாடி நர்சுகள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். தீவிரச் சிகிச்சையில் மாமியாரைப் பறிகொடுத்த ஒரு பெண் மூன்றாவது வரியைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை எழுதியிருந்தாள். அது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

நீயும் பார். பிடித்திருந்தால் சொல். பிடிக்காவிட்டாலும் சொல்.

அம்மா


மார்ச் 8

மகளுக்கு,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுத வேண்டியதாகிவிட்டது.

படத்தைத் தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டமும் ஓர் அறிவிப்பும் இருக்கின்றன. இந்தப் பாட்டும் மெட்டும் தூறல் என்ற கலைஞருக்குச் சொந்தமாம். நாங்கள் அனுமதி இல்லாமல் எடுத்தாண்டிருக்கிறோமாம். இன்னொரு தடவை செய்தால் பக்கத்தையே மூடுவார்களாம்.

இல்லாத ஒருத்திக்குத் தொண்டை இருக்கிறது. இருக்கிற எனக்கு இல்லை. நெட்டை இரண்டு நாளாகப் பாடாமலே மடிக்கிறாள். முனை முனையோடு சேரவே மாட்டேன் என்கிறது.

திருடி என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தப் பொத்தானை அழுத்தியது யார் என்று மட்டும் கேட்டுச் சொல்.

காலமான உன் அம்மா


மார்ச் 15

அம்மா,

நான்தான்.

தினமும் காலையில் ஒரு பட்டியல் வரும். தூறலின் பாட்டைப் போல இருக்கும் எல்லாவற்றையும் இயந்திரம் பொறுக்கிக்கொண்டு வரும். 'எங்களுடையது', 'விட்டுவிடு' என்று இரண்டு பொத்தான்கள். ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பேன். சின்னப் பிள்ளைகள் பாடியிருக்கும். மனசு வராது. அதனால் திறக்காமலே அழுத்தப் பழகினேன். அன்றைக்கும் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து 'எங்களுடையது' என்று அழுத்தினேன். உன் மார்ச் மூன்றாம் தேதிக் கடிதம் அதற்கு மறுநாள்தான் வந்தது.

மேனேஜரிடம் போனேன். உங்கள் படத்தைக் காட்டி, தெரிந்தவர்கள் என்று மட்டும் சொன்னேன். ஒரு வழி இருக்கிறது. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'நாங்கள் தூறலின் ரசிகைகள். அவர் பாட்டின் மீதுள்ள அன்பால் பாடினோம்' என்று இருக்கும். கையெழுத்துப் போட்டால் உங்கள் படம் திரும்ப வரும். ரசிகர்கள் பாடியது என்று கீழே ஒரு வரி சேர்ப்பார்கள். அவ்வளவுதான்.

உனக்கு இது எப்படி இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் போட்டுவிடேன். உன் பாட்டு இருக்கும், என் வேலையும் இருக்கும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

உன் மகள்


மார்ச் 21

அன்பு மகளே,

கையெழுத்துப் போடவில்லை. நான் யாருக்கும் ரசிகை இல்லை. அதிலும் நீ எழுதிப் பூனை வாங்கிக்கொடுத்த ஒருத்திக்கு நான் எதற்கடி ரசிகையாக வேண்டும்? தாளைக் கஞ்சி அக்கா கேட்டு வாங்கிப் படித்தாள். "அன்பால் பாடினோமாம். நான் இடுப்பு வலியில பாடினது" என்றாள்.

நீ பொத்தானை அழுத்தியதற்காக எனக்குக் கோபம் இல்லை. திறந்து பார்க்காமல் இருக்கப் பழகினேன் என்று எழுதினாயே, அதற்குத்தான் கோபம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். எங்கள் சங்கச் செயலாளர் ஒரு வக்கீலம்மாவைப் பார்க்க அழைத்துப்போனார். குரல் என்னுடையது, பாட்டு நாங்கள் கட்டியது, எங்களைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று நாங்களே உரிமை கோரலாமாம். கோரினால், விசாரணை முடியும்வரை தூறலின் படத்தை நிறுத்தி வைப்பார்களாம். வழக்கில் நாங்கள் பத்துப் பேரும் சேர்ந்தே நிற்கிறோம்.

ஆனால் அந்த அம்மா ஒரு விஷயம் கேட்டார். "சமையலறையில பதிவு பண்ணது யாரு? அந்தப் பேரு இல்லாம இது நிக்காது." நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பெயரை எழுதினால் உன் நாற்காலி போகும். எழுதாவிட்டால் நாங்கள் திருடிகள்.

எழுதட்டுமா என்று உன்னிடம் கேட்கிறேன். உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன். கேட்காமல் எடுத்ததற்குத்தானே இவ்வளவு சண்டையும். வேண்டாம் என்று நீ சொன்னால் உன் மேல் வருத்தம் இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கும். ஆனாலும் நீ என் மகள்தான். வழக்கையும் நிறுத்த மாட்டேன். வேறு சாட்சி தேடுவேன். தோற்றாலும் பரவாயில்லை.

இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன்.

அம்மா


மார்ச் 27

அம்மாவுக்கு,

எழுது.

உன் கடிதத்தை அலுவலகத்துக்கே எடுத்துப்போனேன். திங்கட்கிழமைக் கூட்டம். தூறலின் இரண்டாவது பாட்டுக்கு 'அதே குரலில்' இன்னும் நாலு வரி வேண்டும் என்றார்கள். "அந்தக் குரலுக்குச் சொந்தக்காரங்களக் கேட்டுத்தான் சொல்ல முடியும். அது எங்கம்மா" என்றேன்.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்கம்மாவா? அவங்க எறந்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். நடிப்பு இல்லை அம்மா. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். இவர்கள் கூட்டம் போட்டுக் கட்டிய பொய்யை இவரே நம்பியிருக்கிறார். எழுதித் தருகிற பெண் மட்டும் தலை குனிந்துகொண்டாள்.

"நர்ஸ் இல்ல சார். துணி தொவைக்கிறாங்க. நீங்க பாத்த அந்த மடிப்புக்காரிகள் படத்துல இந்தப் பக்க முனையப் புடிச்சிருக்காங்களே, அவங்கதான்" என்றேன். அவர் ரொம்பப் பொறுமையாக எனக்குப் புத்தி சொன்னார். என்ன கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று நினைவுபடுத்தினார். வெளியே தெரிந்தால் இந்தத் தொழிலில் எனக்கு எங்கேயும் இடம் இருக்காது என்றார். பயமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

வெளியே வந்து முதலில் அன்றைய பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரன் பார்த்துக்கொண்டே இருந்தான். டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். மதியத்துக்குள் என் கணினியைப் பூட்டிவிட்டார்கள்.

பதிவு செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுது, பள்ளிச் சான்றிதழில் இருப்பது போல. உறவு என்று கேட்டிருந்தால் மகள் என்று எழுது. முகவரிக்கு இந்த அறையையே கொடு. வாடகை கட்டியிருக்கிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன். வீட்டுக்கு வா என்று இப்போது கூப்பிடாதே. ஓடிப்போய்விட்டாள் என்று இவர்கள் சொல்லக்கூடாது.

கம்பெனி வக்கீல் அடுத்த வாரம் என்னிடம் பேசுவாராம். அந்தக் குரல் யாருடையது என்று அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்வியை இங்கே இதுவரை ஒருத்தர்கூட என்னிடம் கேட்கவில்லை. வரட்டும், காத்திருக்கிறேன்.

உன் மகள்