ஏழு சைக்கிளையும் காணோம்

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பா,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கமாட்டேன், கோபமாக இருக்கிறேன். "பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளா? அந்தப் பேச்சே பேசக்கூடாது" என்று போனை வைத்துவிட்டீர்கள். பேசத்தானே கூடாது? எழுதலாம் இல்லையா?

எனக்குப் பதினோரு வயது நடக்கிறது. அம்மா ஒரு மாதமாக மைதானத்தில் கூடவே ஓடி ஓடிச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு கிலோ இளைத்துவிட்டாளாம். திரும்பும் பக்கம் கையை நீட்டிக்கொண்டே ஓட்டுகிறேன். சீட்டில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டுகிறது. ஹெல்மெட் ஆடாமல் இருக்கிறது, வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழையும். என் வகுப்பிலேயே குட்டையானவள், நாங்கள் நண்டு என்று கூப்பிடுகிறோமே, அவள்கூட சைக்கிளில் வருகிறாள். எனக்கு மட்டும் என்ன குறைச்சல்?

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்,
உங்கள் வாயாடி

பிப்ரவரி 11

என் வாயாடிக்கு,

முகத்தைக் கொஞ்சம் இறக்கி வை, கண்ணு. துறைமுக வாசலில் லாரியோடு வரிசையில் நின்றபோது உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன்.

நீ நன்றாகத்தான் ஓட்டுவாய். எனக்குப் பயமெல்லாம் என்னைப் போன்ற ஆட்களை நினைத்துத்தான். பத்தொன்பது வருடமாக லாரி ஓட்டுகிறேன். கிளீனர் உட்காரும் பக்கம், கதவுக்குக் கீழே ஓர் ஆள் நின்றாலும் தெரியாது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் நெஞ்சு திக்கென்கிறது. பள்ளிக்கூட முனையில் எத்தனை லாரி திரும்புகிறது என்று எண்ணிப் பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பா,

எண்ணிவிட்டேன். எட்டிலிருந்து எட்டரைக்குள் பதினான்கு.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மரக்கடை மாமாவைக் கெஞ்சிக் கூத்தாடி, நின்றிருந்த அவர் லாரியில் டிரைவர் சீட்டில் ஏறினேன். சாவி அவர் பையில்தான் இருந்தது, திட்டாதீர்கள். நண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லாரியைச் சுற்றி வந்தாள். அவள் மறையும் இடத்தில் நான் கத்துவேன், அம்மா சாக்பீஸால் கோடு போடுவாள். மாமா முதலில் சிரித்துக்கொண்டே நின்றார். கிளீனர் பக்கம் கோடு நீண்டுகொண்டே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. தெருப் பிள்ளைகளின் ஏழு சைக்கிளையும் அந்தக் கோட்டுக்குள் நிறுத்தினோம். மாமாவும் சீட்டில் ஏறிப் பார்த்தார், ஏழு சைக்கிளையும் காணோம்! "அடக் கடவுளே, இத்தனை நாளா இது தெரியாமலா ஓட்டிட்டிருக்கேன்?" என்றார் மாமா.

பொய் சொல்லமாட்டேன், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இனி லாரிக்குப் பக்கவாட்டில் போகவே மாட்டேன். பின்னாலேயே, தள்ளியே நிற்பேன். முனையில் இறங்கி உருட்டிக்கொண்டுதான் கடப்பேன். அந்தக் கோடுகளையெல்லாம் அளந்து வரைந்த படம் உள்ளே இருக்கிறது.

இன்னமும் வேண்டாமா?

வாயாடி

மார்ச் 2

கண்ணு,

உன் படத்தை எங்கள் ஓய்வறைச் சுவரில் ஒட்டினேன். "யாருப்பா வரைஞ்சது, இன்ஜினியரா?" என்றார் மேலாளர். "என் பொண்ணு சார்" என்றேன். தலைகால் புரியவில்லை எனக்கு. எல்லா லாரியிலும் கிளீனர் பக்கம் இன்னொரு கண்ணாடி மாட்டச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளிலேயே போ. சொன்னபடி முனையில் இறங்கிக்கொள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லாரிக்குப் பயந்து மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ முதன்முதலில் ஓட்டும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று எவ்வளவோ ஆசை வைத்திருந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். பொறாமைதான், வேறென்ன? எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி லீவில் வருகிறேன்.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்து அம்மா சிரித்தாள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் இன்னும் நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறேன். "சரின்னு சொன்னப்புறமும் நடக்கிறியே, லூசாடி நீ?" என்கிறாள் நண்டு. சொன்னால் அவளுக்குப் புரியாது. இருபத்தொன்பதாம் தேதி காலையில்தான் முதல் நாள். எட்டு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு தயாராக இருங்கள்.

நம் வாசலிலிருந்து தெருமுனை வரை சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வாருங்கள். எனக்கு ஓட்டத் தெரியும். இருந்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்