துணி துவைக்கும் அறையில் பூத்தவை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதியே கை பழகிவிட்டது. இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. அப்பாவுக்கு மூச்சிரைப்பு கூடியிருக்கிறது. இந்தக் குளிரைத் தாண்டட்டும், பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

நீ தொட்டிகளில் நட்டுவிட்டுப் போன நார்சிஸஸ் பூக்கிழங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டில் இரண்டு முளைக்கவே இல்லையே என்று தோண்டிப் பார்த்தால், தலைகீழாகக் கிடக்கின்றன. நல்ல இன்ஜினியர் போ! திருப்பி வைத்தேன். மற்றவையெல்லாம் ஒரு சாண் வளர்ந்து மொட்டும் விட்டன.

அங்கேதான் வந்தது வினை. இது பூக்கும்போது நான் இங்கே இருப்பேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? அவர் காலண்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியே தொட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

லீவு தள்ளிப்போகிறது என்று நீ எழுதினாய். குளிர்ந்த இருட்டில் வைத்தால் மொட்டு விரிய நாளாகும் என்று நர்சரிக்காரர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. ஐந்து தொட்டிகளையும் துணி துவைக்கும் அறைக்குத் தூக்கிப்போனேன். வெளியே பனியில் கருகிவிடும் என்று அப்பாவிடம் புளுகினேன். நீ இரண்டாவது முறையும் தள்ளிப்போட்டாய். அந்த அறை ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டினேன். என் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

முந்தாநாள் மொட்டெல்லாம் பூத்துவிட்டன. கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் பழைய துண்டைத் திணித்தேன். அப்படியும் வாசனை கூடம்வரை வந்துவிட்டது.

இன்று காலை அப்பா சவரம் செய்துவிடச் சொன்னார். நீ வாங்கித் தந்த நீலச் சட்டையைக் கேட்டார். எதற்கு என்றேன். பூ வாசனை வருகிறதே, தம்பி வந்துவிட்டானா, குளிக்கப் போயிருக்கிறானா என்றார்.

வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுக்கச் சொல்லி, சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். படுங்கள் என்றால் கேட்பதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம்தான். அதை நீ வந்த பிறகு தீர்த்துக்கொள்கிறேன். இந்தப் பூ பத்து நாள் தாங்குமாம். கடிதம் உன் கைக்கு வர நான்கு நாள் ஆகும். தம்பி, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. புறப்பட்டு வா.

தொட்டிகளை மறுபடி ஜன்னலோரம் வைத்துவிட்ட,
உன் அக்கா