ஏரிப் பாசிக்கு மடிப்பே இல்லை, மஞ்சு

என் சிநேகிதியாக வந்து, அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு அண்ணியும் ஆகிவிட்ட மஞ்சுவுக்கு,

இன்று காலை ஆய்வகத்துக்குப் போனதும் முதல் காரியமாகப் புது ஆல்கஹால் பாட்டில் ஒன்றின் சீலை உடைத்தேன். தேவையானதை ஊற்றிக்கொண்டு உடனே இறுக்கி மூடினேன். பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாய்.

நாம் தாம்பரத்தில் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது ஒரே பாட்டிலை மாதக்கணக்கில் ஓட்டுவேன். ஐப்பசி மழையில் சுவரெல்லாம் வியர்த்திருக்கும். பாட்டில் மூடி மேஜைமேல் கிடக்கும். கோவிலம்பாக்கத்துக்காரி நீ கத்துவாய்: "வூட்ல ஊறுகா ஜாடியையும் இப்டித்தான் தொறந்து போடுவியா? காத்துல கீற தண்ணியெல்லாம் அது குடிச்சுகினு கீதுடி!"

நான் எங்கே கேட்டேன்?

செம்பாக்கம் ஏரிப் பாசியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு செல்லும் உலர்ந்த திராட்சைபோல் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அந்த மடிப்புதான் அதன் தனி அடையாளம் என்றேன். பாசியின் ஈரத்தை எடுக்க வேண்டிய ஆல்கஹாலிலேயே தண்ணீர் கலந்துவிட்டது, அதனால்தான் உலர்த்தும்போது சுருங்கியிருக்கிறது என்றாய். கட்டுரையில் உன் பெயரே வேண்டாம் என்று விலகிக்கொண்டாய். அந்தக் கட்டுரைதான் எனக்கு இந்தக் கல்லூரி வேலையை வாங்கித் தந்தது. அப்புறம் ஒரே சமையலறையில் எத்தனை தீபாவளிக்கு முறுக்கு பிழிந்தோம்! பாசியைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. ஏன் மஞ்சு?

நீ கண்மூடி இரண்டு வருஷமாகிறது. போன ஞாயிறு அண்ணன்தான் ஸ்கூட்டரில் ஏரிக்குக் கூட்டிப்போனார். "பொண்டாட்டிக்கும் பாசி, தங்கச்சிக்கும் பாசி. எனக்கு வேற வேலையே இல்ல," என்று சிரித்தார், ரொம்ப நாளைக்கப்புறம். இப்போது ரசம் நன்றாக வைக்கிறார். உப்புதான் கொஞ்சம் தூக்கல்.

பாசியை நேற்றே மருந்தில் போட்டுப் பதப்படுத்தியிருந்தேன். இன்று முப்பது சதவீத ஆல்கஹாலில் தொடங்கி ஐம்பது, எழுபது, தொண்ணூறு என்று நிதானமாக ஊறவைத்தேன். கடைசியில் சுத்த ஆல்கஹால், மூன்று முறை. அதே பாசியில் பாதியை மட்டும், வேண்டுமென்றே இரண்டு வாரம் மூடாமல் வைத்த ஆல்கஹாலில் முடித்தேன். பிறகு உலர்த்தும் கருவி, படம் தெளிவாக விழ மெல்லிய தங்கப் பூச்சு. மைக்ராஸ்கோப் அறைக்குப் போகும்போது மூன்றரை மணி.

திரையில் படம் தெளிந்ததும், கருவியை இயக்கும் ரவி அண்ணா, "இன்னா மேடம், குலாப் ஜாமூன் மாதிரி கீது!" என்றார்.

ஆமாம் மஞ்சு. உருண்டையாக, வழவழவென்று. பழைய மடிப்பெல்லாம் அடுத்த தட்டில், திறந்துகிடந்த ஆல்கஹாலில் முடித்ததில் மட்டும் இருந்தது.

வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"தப்பாப் பூடுச்சா மேடம்?"

"இல்லண்ணா. எங்க அண்ணி சொன்னது சரியாப் போச்சு."

துறைத் தலைவர் பொறுப்புக்கு இப்போது என் பெயர் அடிபடுகிறது. இதற்குப் பிறகும் அடிபடுமா, தெரியாது. ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம்கூட. நாளைக்கே அந்தக் கட்டுரை வெளியான ஆய்விதழுக்கு எழுதப்போகிறேன், என் படங்கள் தவறு, அந்த மடிப்புகள் என் கவனக்குறைவால் வந்தவை என்று. இந்தப் பிழையை அன்றே கண்டு சொன்னவள் நீ என்று அதில் ஒரு வரி இருக்கும். யார் வெட்டச் சொன்னாலும் அந்த வரியை விடமாட்டேன்.

உன் நாத்தனார்,
கீதா