பொட்டலத்தில் இருந்த உன் பெயர்

ஏட்டி கோமு,

நாலு பேர் முன்னால் மட்டும் மதினி என்று கூப்பிட்டு, ஆள் நகர்ந்ததும் பேர் சொல்லிச் சண்டை போட எனக்கு வாய்த்திருந்த என் கோமதிக்கு,

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நம் மென்பொருளிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். எங்கிருந்து எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று சொல்கிறேன். அதற்குள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. எடுத்ததும் நான்தான், எடுத்துவிட்டு உட்கார்ந்து அழுததும் நான்தான்.

பேட்டையில் நம் அறை அப்படியே இருக்கிறது. கீழே லேத் பட்டறைச் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. போனில் பேச வேண்டுமென்றால் இப்போதும் மொட்டை மாடிக்குத்தான் ஓடுகிறேன். உன் நாற்காலியில் என் பையை வைத்துவிடுகிறேன், யாராவது வந்தால் அதில் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று.

உன் துஷ்டிக்குத் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாம் என்ன தொழில் செய்தோம் என்று விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை. மில்லில் நெல் லாரி எடைமேடையில் ஏறும், தராசு காட்டுகிற எண்ணைக் கம்ப்யூட்டர் வாங்கி ரசீது அடிக்கும், அந்த ஜாவா புரோகிராம் எங்களுடையது என்றேன். "அதான் எழுதியாச்சுல்லா, இனி என்ன?" என்று உன் பெரியப்பா கேட்டார். உனக்குத் தெரியும், எழுதுவது பாதி வேலைதான். எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற விதமாக மாற்றி, வேறு யார் யாரோ எழுதி வைத்திருக்கும் துணைநிரல்களையும் சேர்த்து, ஒரே பொட்டலமாகக் கட்டி மில்லுக்குக் கொடுக்க வேண்டும். ஜார் என்பது அந்தப் பொட்டலம்தான்.

அந்தக் கட்டுகிற வேலை உன் லேப்டாப்பில் மட்டும்தான் நடந்தது. என் மெஷினில் ஒரு நாளும் நடந்ததில்லை. கேட்டால், "எம் பொட்டியில ஓடுதுல்லா, ஒனக்கு என்னட்டி?" என்பாய். நாளைக்கு நீ வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பேன். "நான் எங்கட்டி போறேன்?" என்று சிரிப்பாய்.

மில்லுக்கு அனுப்பிய பொட்டலங்களுக்கு நீ வைத்த பெயர்களை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. புதுசு, ரொம்பப் புதுசு, கடேசி, கடேசிக்கு அடுத்தது. நான் தொண்டை வற்றக் கத்திய பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் வைத்தாய். அப்படியும் துணைநிரல்கள் விஷயத்தில் 'எது புதுசோ அதை எடுத்துக்கொள்' என்றே எழுதி வைத்திருந்தாய். நேற்று எடுத்தது ஒன்று, இன்றைக்கு எடுப்பது ஒன்று என்றால், நேற்று ஓடியது இன்றைக்கும் ஓடும் என்று எதை வைத்து நம்புவது? சோதனைகளை ஓட்டாமல் தாண்டிப் போவதிலும் உனக்கு நிகர் நீதான். லாரி நிக்குட்டி, சோதனை பிறகு ஓட்டிக்கிடலாம் என்பாய். ஆனாலும் உன் கை பட்டதெல்லாம் ஓடியது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு.

தையில் ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டு போய்விட்டது. மாசியில் பிசான நெல் அறுப்பு தொடங்கியது. உன் நினைப்புக்காக ஒருத்தர் வயலிலும் நெல் காத்திருக்கவில்லை. சேரன்மகாதேவி மில் அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏம்மா, பழைய தராசு இடி விழுந்து போச்சு. புதுசு மாட்டியாச்சு. அது எடையைக் காட்டுது, ஒங்க கம்ப்யூட்டர்தான் காட்ட மாட்டேங்கு. லாரி ரோடு வரைக்கும் நிக்கு. துக்கத்துல இருக்கியன்னு தெரியும், கேக்காம இருக்க முடியலம்மா."

புதிய தராசு எண்ணை வேறு விதமாக அனுப்புகிறது, அவ்வளவுதான். சில வரிகளை மாற்றினேன். மாற்றியதைக் கட்டத்தான் முடியவில்லை. தராசோடு பேசுகிற அந்தத் துணைநிரல் எங்கே என்று என் மெஷின் கேட்டது. எனக்குத் தெரிந்தால்தானே? எந்தக் காலத்திலோ எந்தத் தளத்திலிருந்தோ நீ இறக்கி, உன் லேப்டாப்பில் கையால் வைத்துக்கொண்டது அது. அந்தத் தளமே இப்போது இல்லை. உலகத்தில் அது இருந்த ஒரே இடம் உன் லேப்டாப்.

அந்த லேப்டாப் அண்ணனிடம் இருக்கிறது. உன் புருஷனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று எப்படித் திறந்து வைத்துவிட்டுப் போனாயோ அப்படியே வைத்திருக்கிறான். சார்ஜரைக் கழற்றுவதில்லை. திரை இருண்டால் ஒரு விசையைத் தொட்டு எழுப்பிவிடுகிறான். நீ பாதி எழுதிய வரி ஒன்று அதில் நிற்கிறது. கரண்டு போனால் பள்ளிக்கூடத்திலிருந்தே மின்வாரியத்துக்குப் போன் செய்து, எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறான். பத்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மனுஷன்.

முதலில் வேண்டாம் என்றான். லாரிகள் நிற்பதைச் சொன்னேன். கட்டிலில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"மூடிராத. அவ வச்சது வச்சபடி இருக்கு."

"மூடல அண்ணே. ஒரு ஃபைல் மட்டும் எடுத்துக்கிடுதேன்."

"எடுத்தா அங்கன இருந்து போயிருமா?"

"போவாது. நகல்தான் எடுக்கேன்."

நகல் எடுத்து முடிகிற வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் வரியை நான் தொடவில்லை, கோமு.

அதற்குப் பிறகு நான் இத்தனை நாள் உன்னிடம் கத்தியதையெல்லாம் செய்தேன். அந்தத் துணைநிரலை நம் இருவருக்கும் பொதுவான இடத்தில் சேர்த்தேன். உன் கடைசிப் பொட்டலத்தில் இருந்தபடியே ஒவ்வொன்றுக்கும் இன்ன பதிப்பு என்று எண் எழுதினேன். ஒரு செர்வரை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு தொடங்கும்படி அமைத்தேன். அதற்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. நாம் எழுதி வைத்ததை மட்டும் படிக்கும், சோதனைகளை ஓட்டும், தேறினால் பொட்டலம் கட்டும். பல தடவை சண்டித்தனம் செய்தது; அதுவரைக்கும் மில்லில் ரசீதைக் கையால் எழுதி ஓட்டினார்கள். கடைசியில் ஒரு மத்தியானம், கட்டி முடிந்தது என்று திரையில் வந்தது.

இதற்காகத்தானே உன்னோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றேன்? சந்தோஷமே வரவில்லை. இனி கோமு வேண்டாம் என்று அது சொன்ன மாதிரி இருந்தது. கீழே பட்டறை அன்றைக்கும் இரைந்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை.

புதிய செர்வரை அப்படியே நம்பிவிட முடியாது. அதனால் நீ மில்லுகளுக்குக் கடைசியாகக் கொடுத்த பதிப்பை, அதே மூல நிரலிலிருந்து அதில் கட்டிப் பார்த்தேன். நீ கட்டியதும் அது கட்டியதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை. இரண்டையும் பிரித்துப் போட்டுத் தேடினேன். நிரல் ஒன்றுதான். கட்டிய நேரம் வேறு. அப்புறம், ஜாருக்குள்ளே முகப்புச் சீட்டு மாதிரி ஒரு சின்னக் கோப்பு இருக்குமே, அதில் ஒரு வரி வேறு. செர்வர் கட்டியதில், கட்டியவர் என்ற இடத்தில் ரூட் என்று செர்வரின் பொதுப் பெயர் இருந்தது. நீ கட்டியதில் கோமு என்று இருந்தது.

நீ எழுதவில்லை. நான் எழுதவில்லை. பொட்டலம் கட்டுகிற அந்தப் பழைய கருவி, லேப்டாப்பில் நீ நுழைகிற பெயரைத் தானாகவே எடுத்துப் போட்டிருக்கிறது. எல்லா மில்லிலும், எல்லா எடைமேடையிலும், இத்தனை வருஷமும் உன் பெயர் உள்ளே இருந்திருக்கிறது. உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் என்னிடம் பீற்றிக்கொள்ளாமல் இருந்திருப்பாயா?

ஒழுங்கான முறைப்படி பார்த்தால் அது இருக்கக் கூடாது. ஒரே மூலத்தை யார் கட்டினாலும், எந்த மெஷினில் கட்டினாலும், என்றைக்குக் கட்டினாலும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் அதே பொட்டலம் வர வேண்டும். வந்தால்தான் நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று சொல்ல முடியும். அதனால் நேரத்தையும் பெயரையும் எடுத்துவிட வேண்டும். கருவியின் புதிய பதிப்பு பெயரைப் போடுவதே இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

"எல்லா மில்லுலயும் அவ பேரு இருந்துச்சா?" என்றான். அப்புறம், "அத எடுக்காதட்டி" என்றான்.

"யாரு கட்டுனாலும் ஒண்ணுபோல வரணும் அண்ணே."

"அவ பேரையே நிலையா எழுதி வச்சிரு. எங்க கட்டுனாலும் ஒண்ணுபோலத்தான வரும்? கணக்கு சரியா இருக்குல்லா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று நானும் காத்திருந்தேன். ஒரு வரி சேர்த்தேன். புதிய பொட்டலம் உன் பெயரோடு வந்தது. சேரன்மகாதேவி பஸ்ஸில் அதைப் பென் டிரைவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் பாதி வயல் அறுத்துக் கிடந்தது. நீயும் நானும் போகிற மாதிரியே இருந்தது, கோமு. மில்லில் நெல் லாரி ஏறியது, ரசீது சரியாக வந்தது. அண்ணாச்சி காப்பி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாளே கூப்பிட்டார். நெல் லாரிக்கு எடை சரி. நெல்லை இறக்கிவிட்டு அதே லாரி காலியாக ஏறினால், எடையில் ஒரு இலக்கம் காணாமல் போகிறது. ரசீதைப் பார்த்த டிரைவர், எம் லாரி என்ன சைக்கிளா என்று கேட்டிருக்கிறார். பாரம் குறைந்தால் தராசு எண்ணுக்கு முன்னால் வெற்றிடம் விட்டு அனுப்புகிறது, என் நிரல் அதையும் ஒரு இலக்கமாக எண்ணிக் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டது, நான் அதைப் பார்க்கவில்லை. சோதனை சோதனை என்று உன் உயிரை வாங்கியவள், காலி லாரிக்கு ஒரு சோதனை எழுதவில்லை.

ஓடிப் போனேன். கணக்குப்பிள்ளை ரசீதுகளை மறுபடி கையால் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கோபப்படவில்லை. வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, பையக் கேட்டார்.

"அந்தப் பிள்ள இருந்தா இப்படி வந்திருக்குமாம்மா?"

நீ இருந்தாலும் வந்திருக்கும். அது உனக்கும் எனக்கும் தெரியும். ஆனால் அவர் உன்னை நல்லபடியாக நினைத்துக் கேட்கிறார். அவர் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டருக்குள், என் தப்பின் முகப்பில், கட்டியவர் கோமு என்று எழுதியிருந்தது. எழுதியது நான். நாளைக்கு யாராவது அதைத் திறந்து பார்த்தால், நீ போன பிறகு நீ செய்த தப்பு என்றல்லவா இருக்கும்? உன் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் தலையில் கொண்டுபோய் இதைப் போட்டிருக்கிறேன். என் தப்புதான் அண்ணாச்சி என்றேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் லேப்டாப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"அவ வந்து திருத்த மாட்டால்லா," என்றான். "எடுத்துரு."

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் பெயரும் இல்லை, யார் பெயரும் இல்லை. காலி லாரிக்குச் சோதனை எழுதி, தப்பைத் திருத்தி, புது எண் கொடுத்துக் கட்டினேன். என் மெஷினில் ஒரு தடவை, செர்வரில் ஒரு தடவை. இரண்டும் ஒரு எழுத்து மாறாமல் ஒன்றாக வந்தன. சேரன்மகாதேவியில் இப்போது அதுதான் ஓடுகிறது.

நீ கட்டியவற்றைத் தொடவில்லை. வெளியே போய்விட்ட பதிப்பை மறுபடி தொடக் கூடாது, திருத்தம் என்றால் அடுத்த எண்தான் என்பது முறை. முறை இல்லாவிட்டாலும் தொட்டிருக்க மாட்டேன். சீவலப்பேரி மில்லில் இன்னும் பழைய தராசுதான். அங்கே நீ கட்டியது ஓடிக்கொண்டிருக்கிறது, உன் பெயரோடு. அந்தத் தராசு நன்றாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிடுகிறேன். இதற்கெல்லாமா சாமி கும்பிடுவாய் என்று நீ சிரிப்பாய்.

உன் லேப்டாப் இனி எந்த மில்லுக்கும் வேண்டாம். அண்ணனுக்கு மட்டும்தான் வேண்டும். அதை அணைக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. என்றைக்காவது அவனே அணைத்தால் பக்கத்தில் இருப்பேன்.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன் கோமு. இனி நம் பொட்டலத்தில் தப்பு வரும், வராமல் இருக்காது. வருகிற தப்பு எல்லாம் என்னுடையது. யார் கேட்டாலும் என் பெயரைச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய்த் திருத்திவிட்டு வருவேன். உன்னைக் கூப்பிட மாட்டேன்.

உன் நாத்தனார்,
உலகு